மாத்திரை வாசலுக்கே வருது, பிறகும் ஏன் சுகர் குறையல?

ஜூன் 9 (கேள்வி)

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். இப்போது வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ரேஷன் அரிசி இலவசம், டவுன் பஸ் இலவசம். அப்படியும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு சுகர் 300, 350 என்றே நிற்கிறது. அக்கறை இல்லாததைத் தவிர வேறு என்ன காரணம்? திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஜூன் 9, இரவு 10.20

நான் சொல்றேன். பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருசமா வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கேன். ஆனா இதைச் சொல்ற தகுதி அந்த வேலையால வரல. எங்க அம்மா பீடி சுத்துறவ. முக்கூடலில் இருந்து கொஞ்சம் தள்ளி எங்க ஊர். தெருவில் நாற்பது வீடு இருந்தா முப்பது வீட்டில் சுளவு, அதான் பீடி சுத்த மடியில் வச்சுக்கிற முறம், இருக்கும். அம்மாவுக்கு சுகர் வந்து பதினாலு வருசம் ஆச்சு, பிரஷர் ஒன்பது வருசம்.

அவளோட ஒரு நாளைச் சொல்றேன், அக்கறை இருக்கா இல்லையான்னு நீங்களே பாருங்க.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. மணி கிடையாது. ராத்திரி ரெண்டரைக்கும் வரும், நாலுக்கும் வரும். "தண்ணி வந்துட்டு"ன்னு யாராவது சத்தம் கொடுத்தா தெருவே எந்திரிக்கும். எட்டுக் குடம் பிடிச்சு உள்ளே சேர்க்க ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் படுத்தா உறக்கம் வராது. முந்தின ராத்திரி நனைச்சு, தகடு வச்சு வெட்டின இலை ஈரத்துணிக்குள்ள இருக்கும். காய்ஞ்சா ஒடிஞ்சிடும். அதனால அஞ்சு மணிக்கே சுளவோட உக்காந்திருவா. மடக்கின கால் மடக்கினபடி. இடையில ஒரு வரக்காப்பி. ஏழு மணிக்கு நினைவா மாத்திரையைப் போட்டுக்குவா. தம்பி வேலைக்குப் போகணும், பேரப்பிள்ளைக பள்ளிக்கூடம் போகணும், அதுக்கப்புறம்தான் அவ தட்டு. பத்து மணிக்கு, சுத்தின பீடியைக் கொடுக்கப் பீடிக்கடை. நேரம் தாண்டிப்போனா மறுநாளைக்கு இலை, தூள் கிடைக்காது.

நாலு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் கடை வரிசையில் நின்னுக்கிட்டு இருந்தா. காலையில் போட்டது கிளிமிபிரைடு, சுகரைக் குறைக்கிற மாத்திரை. அந்த மாத்திரையைப் போட்டா சோறு தின்னே ஆகணும். அவ திங்கல. பீடியை எண்ணிப் பாக்கிறவர் ஒரு கை அள்ளி, "இது சரியில்ல"ன்னு கழிச்சுப் போட்டிருக்கார். அம்மா குனிஞ்சு பொறுக்கப் போனவ அப்படியே உக்காந்துட்டா. முகமெல்லாம் வேர்வை, கை நடுங்குது, பேச்சு குழறுது. அடுத்த வீட்டு அத்தை, பேரனுக்குன்னு முந்தானையில் முடிஞ்சு வச்சிருந்த தேன் மிட்டாயை அவிழ்த்து அம்மா வாயில வச்சுட்டு, டீக்கடைக்கு ஓடி ஒரு கை சீனி அள்ளிக்கிட்டு வந்திருக்கா. கால் மணி நேரத்தில் அம்மா கண்ணு தெளிஞ்சுட்டு. அந்த அத்தை பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுக்கிறதும் இதேதான்: மூணு ஸ்பூன் சீனி, பதினஞ்சு நிமிசம் பொறுத்து மறுபடியும் பார்.

அன்னைக்கு நான் போன்ல கத்தினேன். அவ கேட்டா: "ஏட்டி, கொறை கொறைன்னு சொல்லுதியே, நான் எதைக் கொறைக்க? சோத்தையா, பீடியையா?"

ஜூன் 10, காலை 7

ராத்திரி எழுதினதில் விட்டுப்போன ஒண்ணு. விரல்.

சுகர் பார்க்கிறவங்க ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி நுனியில் குத்துவாங்க. பீடி சுத்துறவளுக்கு ஆள்காட்டியும் கட்டை விரலும்தான் சோறு. இலையைச் சுருட்டறதும், பீடியோட வாயை மடக்கறதும், நூலை இழுக்கறதும் அந்த ரெண்டு விரல்தான். அங்க குத்தினா அன்னைக்கு முழுக்க தூள் பட்டு எரியும், வேகம் குறையும். அம்மா அதுக்காகவே சோதனைக்கு வராம ஒளிஞ்ச நாள் உண்டு. எனக்கே அது ரொம்ப நாள் தெரியாது. இப்ப எங்க கூடத்துக்கு எந்த அம்மா வந்தாலும் முதல்ல அவங்க கையைப் பாக்கேன். கட்டை விரல் ஓரம் காய்ச்சுப் போயிருந்தா மோதிர விரலில், அதுவும் பக்கவாட்டில் குத்துவேன். வலி குறைவு, ரத்தமும் நல்லா வரும்.

ஜூன் 12

"சுகர் பணக்கார வியாதி, உழைக்கிற சனத்துக்கு வராது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். எங்க ஊர்லயும் அப்படித்தான் நம்பினாங்க. அதனாலயே அம்மாவுக்கு ரெண்டு வருசம் யாரும் சோதிச்சுப் பாக்கல.

ஐ.சி.எம்.ஆர்னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகரைப் பத்தி நடத்தின இண்டியாப் ஆய்வு 2017ல் 15 மாநிலங்களுக்கு வெளிவந்தது. 57,000 பேருக்கு மேல் பார்த்திருக்காங்க. நாடு முழுக்க எடுத்தா வசதியானவங்ககிட்டதான் சுகர் கூடுதல். ஆனா தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகர் நகரப் பகுதிகளில் நிலைமை தலைகீழ். அங்க வசதி குறைஞ்சவங்ககிட்டதான் அதிகம். 2023ல் அதே ஆய்வோட முழுக் கணக்கு வந்தது: நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சுகர், பெரியவங்களில் 11.4 சதவீதம்.

உழைப்புன்னா எது உழைப்பு? அம்மா ஒரு நாளில் பத்து மணி நேரம் உழைக்கா. கை மட்டும்தான் அசையும், உடம்பு அசையாது. உழைச்சவளுக்கு உள்ள அலுப்பு, உக்காந்திருந்தவளுக்கு உள்ள சுகர். ரெண்டும் ஒரே ஆளுக்கு.

ஜூன் 13

கருப்பட்டி பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனிச்சத்துதான். எங்க பக்கம் "சீனிதான் கெடுதல், கருப்பட்டி நல்லது"ன்னு சொல்லி ஒரு நாளைக்கு நாலு கருப்பட்டிக் காப்பி குடிக்கிறவங்க உண்டு. சுகர் இருக்கிறவங்க அதை விட்டுருங்க. அம்மாகிட்ட இதைச் சொன்னதுக்கு ஒரு வாரம் என்கூடப் பேசல. உடன்குடிக் கருப்பட்டியைக் குத்தம் சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது.

சாப்பாட்டில் எங்க தெருவுக்கு ஏத்தபடி ஒண்ணு சொல்லணும்னா முருங்கைக்கீரையும் சாளை மீனும் சொல்வேன். கீரை மரத்துல சும்மா கிடக்கு. சாளை, வண்டிக்காரர் கொண்டுவர்ற மீனில் விலை குறைஞ்சது. கம்பு, கேப்பை தின்னச் சொல்றாங்க, நல்லதுதான். ஆனா ரேஷன் அரிசி 2011 ஜூனில் இருந்து காசில்லாம வருது, கேப்பைக்குக் கடையில் காசு கொடுக்கணும். கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசியை வச்சுத்தான் வீடு ஓடுது. அப்புறம் கீரையும் மீனும் யார் தட்டுக்குப் போகுதுன்னும் பாக்கணும். கடைசியா உக்கார்றவளுக்குச் சட்டியில் மிஞ்சறது சோறும் குழம்புத் தண்ணியும்.

ஜூன் 16

இன்னைக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சது, மனசுல கிடக்கிறதை எழுதிடுறேன்.

அமெரிக்காவில் ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கு. 1994ல் இருந்து 1998 வரைக்கும் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய அஞ்சு நகரங்களில், ரொம்ப ஏழைக் குடியிருப்புகளில் இருந்த 4,498 குடும்பங்களை எடுத்துக்கிட்டாங்க. பெரும்பாலும் பிள்ளைகளை வச்சுக்கிட்டுத் தனியா இருந்த பெண்கள். குலுக்கல் போட்டு ஒரு பகுதியினருக்கு, ஏழ்மை குறைஞ்ச பகுதிக்குக் குடிபோனா வாடகைக்கு உதவிச் சீட்டு. பத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சு உடம்பைச் சோதிச்சு 2011ல் வெளியிட்டாங்க. சீட்டுக் கிடைச்சவங்க பக்கத்தில் சுகர் நோய் அளவுக்குப் போனவங்க 4 சதவீதப் புள்ளிக்கு மேல் குறைவு, அதிகப்படியான பருமனும் குறைவு. இத்தனைக்கும் அந்தப் பெண்களோட வேலையோ வருமானமோ கூடல. புது மருந்தும் கொடுக்கல. இருக்கிற இடம் மாறினது, அவ்வளவுதான்.

இதைப் படிச்சிட்டுத்தான் 2023 ஜனவரியில் அம்மாவை கே.டி.சி நகருக்கு என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வரும்போது ரத்தத்தில் சுகரோட மூணு மாச சராசரியைக் காட்டுற எச்.பி.ஏ.1.சி சோதனையில் 10.2 சதவீதம். இங்க மேல்தொட்டியில் எந்நேரமும் தண்ணி. கக்கூஸ் வீட்டுக்குள்ள. ராத்திரி யாரும் எழுப்ப மாட்டாங்க. காலை எட்டு மணிக்குச் சூடா ரெண்டு இட்லி, சாம்பார், பிறகு மாத்திரை. மூணாவது மாசம் எடுத்தேன்: 7.8. என் கையாலேயே மிஷினில் ஓட்டினேன், காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். ஆகஸ்டில் "நான் ஊருக்குப் போறேன்"னு ஒத்தக் கால்ல நின்னு போயிட்டா. போன பிறகு எடுத்தது 9.1.

இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அவ தெருதான் அவ வியாதி.

ஜூன் 17

கக்கூஸ்னு எழுதினேன்ல, அதை விளக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க.

சுகர் கூடினா அடிக்கடி ஒண்ணுக்கு வரும். பிரஷருக்கு நீர் மாத்திரை கொடுத்திருந்தா இன்னும் கூடும். எங்க தெருவில் பாதி வீட்டில் கட்டின கக்கூஸ் இருக்கு, ஊத்தத் தண்ணி இல்ல, உள்ளே விறகு அடுக்கியிருக்கு. பொம்பளைக இருட்டினபிறகு உடைமரத்துப் பக்கம் போகணும். அதனால பகல்ல தண்ணியே குடிக்க மாட்டாங்க. கல்யாண வீடு, பஸ் பயணம்னா அன்னைக்கு நீர் மாத்திரையை எடுத்து வச்சிருவாங்க. ஹைகிரவுண்டுக்கு, அதான் பாளையங்கோட்டை அரசு பெரியாஸ்பத்திரிக்கு, காட்ட வர்ற நாளும் பஸ் பயணம்தானே. ஆக டாக்டர் பாக்கிற அன்னைக்குத்தான் பிரஷர் உச்சத்தில் நிக்கும், அவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதுவார். ஒரு தனியார் மருத்துவமனையில், பேர் வேண்டாம், எங்க சித்திக்கு இப்படியே மூணு மாத்திரை ஏறிப்போச்சு. "ஒழுங்காப் போடுதியா"ன்னு கேட்டாரே தவிர, "காலையில் போட்டியா, ஏன் போடல"ன்னு ஒருத்தரும் கேக்கல.

ஜூன் 23, திருத்தம்

16ஆம் தேதி எழுதினதில் பெரிய தப்பு இருக்கு.

நேத்து அம்மாவோட பைலை எடுத்துத் தேதி வாரியா அடுக்கினேன். அந்த 9.1 அவ ஊருக்குப் போன பிறகு எடுத்தது இல்ல. 2023 ஜூலையில் என் வீட்டில் இருந்தபோது, ஏழாவது மாசம் எடுத்தது. ஊருக்குப் போன பிறகு எடுத்தது 8.6.

இத்தனை நாளும் நான் மாத்தித்தான் ஞாபகம் வச்சிருந்திருக்கேன். தெருவைக் குத்தம் சொல்றதுக்கு அது வசதியா இருந்திருக்கு. மன்னிச்சுக்கோங்க. அந்த வரியை அழிக்கல, அப்படியே கிடக்கட்டும்.

ஜூன் 24

ராத்திரி முழுக்க யோசிச்சேன். 7.8ல் இருந்து 9.1க்கு என் வீட்டில் எப்படி ஏறிச்சு?

காலையில் எட்டரைக்கு நான் கிளம்பிடுவேன், பையன் கல்லூரிக்கு. சாயங்காலம் ஏழு வரைக்கும் அவளும் டிவியும். எதிர்வீட்டுக் கதவு எப்பவும் சாத்தியிருக்கும். முதல் ரெண்டு மாசம் புதுசா இருந்தது, வாசலில் நடந்தா. பிறகு அதுவும் நின்னுபோச்சு. பையனுக்கு வாங்கி வச்ச பிஸ்கட் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்ததை நான் கவனிக்கல. மே மாசம் ஒரு வாரம் மாத்திரையே போடல, எனக்குத் தெரியாது. அந்தக் கடை வரிசையில் அவ முகத்தைப் பாத்ததும் தேன் மிட்டாயை அவிழ்த்த அத்தை மாதிரி இங்க ஒருத்தரும் இல்ல. மகள் சோதனைக் கூடத்தில் வேலை பாக்கா, வீட்டில் இருக்கிற தாயோட முகத்தைப் பாக்க நேரமில்ல.

இன்னைக்குப் போன் போட்டு நேராக் கேட்டேன், ஏம்மா போனேன்னு. "ஒன் வீட்ல எனக்கு ஒரு கொறையும் இல்லட்டி. ஆனா ஒரு வெத்தலை வாங்கணும்னாலும் ஒன் மொகத்தைப் பாக்கணும்"னா. அவ சம்பாத்தியம் சுளவோட ஊரிலேயே நின்னுட்டு. பன்னெண்டு வயசில் இருந்து தன் கையில் காசு பார்த்தவ.

அந்த அமெரிக்கப் பெண்கள் குடிபோனது அவங்க வீட்டுக்கு. சாவி அவங்க கையில், பிள்ளைக அவங்க மடியில். நான் கூட்டிட்டு வந்தது விருந்தாளியா. ஆய்வைப் படிச்சேன், இந்த வித்தியாசத்தைப் படிக்கல.

அதுக்காக அந்தத் தெரு நல்ல தெருன்னு மாத்திச் சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டரை மணித் தண்ணி அநியாயம். விறகு அடுக்கின கக்கூஸ் அநியாயம். 10.2 அங்கதான் ஏறிச்சு. ஆனா அவளைத் தெருவில் இருந்து பிரிச்சு எடுக்கிறதைவிட, தண்ணியையும் சோதனையையும் அந்தத் தெருவுக்குக் கொண்டுபோறதுதான் முறைன்னு இப்ப தோணுது.

ஜூலை 2

வீட்டுக்கே வர்ற மாத்திரையைப் பத்தி நான் ஒண்ணும் நல்லதாச் சொல்லலியேன்னு ஒருத்தர் வருத்தப்பட்டிருக்கார். நியாயம்தான். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவர்ற அரசுத் திட்டம், மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கினது. எங்க தெருவுக்கு வர்ற பிள்ளை, மகளிர் குழுவில் இருந்து வந்தவ, அம்மாவுக்கு மகள் மாதிரி.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்து ஆள்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி எங்க தெருவுக்குள்ளேயே ஏறி நின்னுது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மாத்திரை அட்டையெல்லாம் சேறு. எனக்குப் போன் கிடைக்கல, ரோடு இல்ல, நாலு நாள் நான் இங்க செத்துப் பிழைச்சேன். அஞ்சாம் நாள் அந்தப் பிள்ளை முழங்கால் சேத்தில் நடந்து வந்து, பிளாஸ்டிக் கவரில் எல்லாருக்கும் பத்து நாள் மாத்திரை கொடுத்திருக்கா. யாருக்கு எந்த மாத்திரைன்னு நோட்டைப் பாக்காமலே சொன்னாளாம்.

அடுத்த வீட்டு அத்தைக்கு இன்சுலின். பிரிட்ஜ் கிடையாது. பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் டப்பாவுக்குள்ள மருந்தை வச்சிருப்பா. தண்ணி ஏறும்போது வேற எதையும் எடுக்கல, அந்தப் பானையை இடுப்பில் வச்சுக்கிட்டு கோயில் மேடைக்கு ஏறியிருக்கா. தூரத்தில் இருந்து பாத்தவங்க நகைன்னு நினைச்சாங்களாம்.

ஜூலை 14

பீடித் தொழிலாளருக்குன்னு தனி மருத்துவமனை இருக்கே, ஏன் அங்க போகலைன்னு கேள்வி. முக்கூடலில் மத்திய அரசு மருத்துவமனை இருக்கு, உண்மை. 1966லேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1976ல் நல நிதிச் சட்டம். அங்க காட்ட தொழிலாளர் அட்டை வேணும். அட்டைக்குப் பாஸ் புத்தகம் வேணும், பீடிக்கடையில் அவங்கவங்க பேர்ல சுத்தின கணக்கை எழுதுற புத்தகம். எங்க தெருவில் எத்தனையோ பேர் அடுத்தவ புத்தகத்தில் சுத்துறாங்க. மாமியார் பேர்ல மருமக சுத்துவா, அக்கா பேர்ல தங்கச்சி. முதல் பதினோரு வருசம் எங்க அம்மாவும் ஆச்சி புத்தகத்தில்தான் சுத்தினா. அத்தனை வருச உழைப்பும் கணக்கில் இல்ல. இப்ப பி.எப் பென்ஷன்னு வர்றது மாசம் 1,000 ரூபாய், 2014ல் வச்ச குறைந்தபட்சத் தொகை. நல நிதிக்கு பீடியில் இருந்து பிடிச்ச வரியும் 2017ல் ஜி.எஸ்.டி வந்தபோது எடுத்துட்டாங்க.

பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே மாசத்தில் இருந்து பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் காசில்ல. அம்மா அதை வாய் நிறைய வாழ்த்துவா. ஆனா ஹைகிரவுண்டுக்கு வந்து, சீட்டு எடுத்து, ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பாத்துத் திரும்ப ஒரு பகல் ஆயிடும். அந்தப் பகலோட பீடிக்கு யார் காசு கொடுப்பா?

ஜூலை 28

ஊருக்குப் போயிருந்தேன். அம்மன் கோயில் கொடை விழா. ரெண்டு நாள் பொங்கலும் கறியும், யாருக்கும் நான் புத்தி சொல்லல.

மூணாம் நாள் காலையில் அத்தை வீட்டுத் திண்ணையில் சுகர் பாக்கிற என் சின்ன மிஷினை வச்சுக்கிட்டு உக்காந்தேன். சுளவோட பதினோரு பேர் வந்தாங்க. சுத்தினபடியே ஒவ்வொருத்தியா இடது கையை நீட்டினா. மோதிர விரல், பக்கவாட்டில். கையைக் கழுவிட்டு வாங்கன்னேன். ஒரே குடத்துத் தண்ணியைச் செம்புல மொண்டு மொண்டு பதினோரு பேரும் கழுவினாங்க, சிந்தவிடல. நாலு பேருக்குத் தங்களுக்கு சுகர் இருக்குன்னே தெரியாது. ஒருத்தி அழுதா. அத்தை அவ தோளைத் தட்டி, "எனக்கு ஊசியே போடுதேன், நான் செத்தா போனேன்? நாளைக்கு வா, பானை எப்படி வைக்கிறதுன்னு காட்டுதேன்"னா. அவளுக்கு இன்சுலின் தேவையில்ல, மாத்திரையே போதும்னு நான் சொன்னேன். அப்பவும் பானையைப் பாக்கத்தான் போனா.

மிஷினை அங்கேயே விட்டுட்டு வந்தேன். ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்டிரிப் மாசத்துக்கு ரெண்டு டப்பா நான் அனுப்பிடுவேன். கடைக்குக் கிளம்புமுன்னால தின்னிட்டுத்தான் போகணும்னு அவங்களுக்குள்ள ஒரு பேச்சு. வரிசையில் நிக்கும்போது ஒருத்தி அடுத்தவகிட்ட "தின்னியா"ன்னு கேக்கணும். முந்தானையில் எல்லாரும் ஒரு மிட்டாய் முடிஞ்சுக்கணும். தண்ணியை விடிஞ்சபிறகு திறந்துவிடச் சொல்லி மனு எழுதினேன், இருபத்தாறு பேர் கையெழுத்து, ஒன்பது பேர் கைநாட்டு.

அம்மாவோட மூணு மாச சராசரி இப்ப 8.4.

ஆகஸ்ட் 4

மனுவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டவங்களுக்கு: இன்னும் ஒண்ணும் ஆகல.

இன்னைக்குக் காலையில் ஆறு மணிக்கு அம்மாவே போன் பண்ணினா. வெறும் வயித்தில் 138, தானே குத்திப் பாத்திருக்கா. எனக்குச் சந்தோசம் தாங்கல. என்னம்மா செஞ்சேன்னு கேட்டேன்.

"நேத்து ராத்திரி தண்ணியே வரலட்டி. விடிய விடிய உறங்கிட்டேன்."

அப்போ வீட்டுக்குத் தண்ணிக்கு?

"அத்தை ரெண்டு குடம் தந்தா."